நாற்பத்தொன்பதாம் நாள்

டிசம்பர் 16, செவ்வாய்

மாலையைக் கழற்றிய மறுநாள் இவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பதில் தெரியாததை மாணவிகள் கேட்டால், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். இதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

இன்று காலை ஐந்தரைக்கு என் தம்பி நலங்கிள்ளி பழனிக்கு மாலை போட்டுக்கொண்டான். மணப்பாறையில் ரயில்வே கேட்டுக்கு அப்பால், மூடிக்கிடந்த அரிசி ஆலைக் கிட்டங்கியை மாலைக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். குடியை விட நினைக்கும் ஆண்கள் நாற்பத்தெட்டு நாள் பச்சை வேட்டியுடன் இங்கேயே தங்கி விரதம் இருந்து, கடைசியில் பழனிக்கு நடக்கிறார்கள். இந்த வருடம் முப்பத்து மூன்று பேர்.

மாலை கழுத்தில் இருக்கும்வரை எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் தொடமாட்டான். அது எல்லோருக்கும் தெரியும். கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்பான். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கிட்டங்கி வாசலில் செருப்போடு நின்றேன். கூடத்தை நடத்தும் அழகுமலை குருசாமி வெளியே வந்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். தானும் குடித்துச் சீரழிந்து, விட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறதாம்.

"டீச்சரம்மா, உள்ள வாங்க."

"இங்கயே நிக்கிறேன்."

"நில்லுங்க. ஆனா படியில நிக்காதீங்க. ஒண்ணு ஏறுங்க, இல்ல எறங்குங்க."

இறங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா பிள்ளைகளுக்கு எழிலரசி, நலங்கிள்ளி என்று பெயர் வைத்தவர். அவர் இருந்திருந்தால் இன்று என்னோடு பேசியிருக்கமாட்டார். ஆனால் அவர் இருந்தபோதே சொற்பொழிவு, மாத்திரை, கெஞ்சல், பூட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாலை போடுமுன் பத்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து உடம்பைத் தெளியவைக்கவேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டேன். "அது எங்க சட்டத்துலயே இருக்கும்மா" என்றார் குருசாமி.

கிள்ளிக்கு நாற்பத்து நான்கு வயது. கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். கை நடுக்கத்தோடு ஒரு பசுவுக்கு ஊசி போடப்போய் ஊசி உள்ளேயே ஒடிந்தது. இரண்டு வருடமாகப் பணியிடைநீக்கத்தில் இருக்கிறான். மனைவி பிரிந்து ஒன்பது வருடம். வீட்டில் நானும் அவனும்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வந்து சமையல்கட்டில் வேலை செய்யவேண்டுமாம். போனேன். செருப்பைக் கழற்றினேன், ஈரத் தரை என்பதால்.

சமையல் பொறுப்பு மூக்காயி என்ற அம்மாள். எனக்குப் பதினைந்து தேங்காய் துருவக் கொடுத்தார். நான்காவதிலேயே இடது மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

"கைக்கு என்ன டீச்சரு?"

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். பழசு."

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். தேங்காயை வாங்கிக்கொண்டு பூசணிக்காயைக் கொடுத்தார்.

அவருடைய கணவர் குடியில் போனவர். "மாலை போடுவாரு, கழட்டுவாரு, போடுவாரு, கழட்டுவாரு. பதினோரு தடவ. பன்னண்டாந் தடவ போட கழுத்து இல்ல" என்றார். சொல்லிவிட்டு உப்புப் பார்த்தார்.

சமையல்கட்டு மூலையில் உமிக்குவியல். அதற்குள் கழுத்துவரை புதைத்த பெரிய மண்பானை. வாயைத் துணியும் களிமண்ணும் வைத்துப் பூசியிருந்தது. மேலே சுவரில் முருகன் படம். முதல் நாள் பூசை போட்டு மூடியதாம். நடைப்பயணத்துக்குக் கிளம்பும்போது திறந்து சாமிகளுக்குக் கொடுக்கும் உடம்புவலி மருந்தாம். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

குருசாமியிடம் புள்ளிவிவரம் கேட்டேன். போன வருடம் எத்தனை பேர் விட்டார்கள்? மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"முப்பத்தோரு பேரு போட்டாங்க. மறுநாள் தாண்டுனது இருவத்திரெண்டு. ஆடி மாசம் எண்ணுனப்ப பதினாலு. இன்னைக்குக் காலையில பதிமூணு."

எழுதியே வைத்திருக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

டிசம்பர் 24, புதன்

நாற்பது விடைத்தாள் திருத்தினேன். கிள்ளியைப் பற்றி நினைக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மாலை போட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. எல்லோரும் எல்லோரையும் சாமி என்கிறார்கள். கேட் கீப்பர் அவர்களைச் சாமி என்கிறார். போன மாதம் கிள்ளியைச் சட்டைக்காலரைப் பிடித்து வெளியே தள்ளிய ஹோட்டல்காரர் இன்று வாழை இலைக்கட்டைக் கொண்டுவந்து, "சாமி, வாங்கிக்கங்க" என்று கைகூப்பினார்.

நான் அவனைக் கூப்பிடுவதே இல்லை. தேவைப்பட்டால் எதிரில் போய் நிற்கிறேன்.

கொத்தனார் அய்யாக்கண்ணு என்பவர்தான் கூடத்தின் வாய். "டீச்சரு, எனக்கு இப்ப எம்புட்டு மரியாதைங்கிறீங்க? எம்பொண்டாட்டி நேத்து வந்து, சாமி, கரண்ட் பில்லு கட்டணும் சாமிங்குது. இருவது வருசத்துல என்னை அது நாயே பேயேன்னு சொல்லாத மொத மாசம் இதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். குருசாமியும் சிரித்தார். பிறகு சொன்னார்: "அதுலதான்டா பயமே இருக்கு. நாப்பத்தெட்டு நாளும் உன்னைத் தாங்குறது மாலை. சாமி சாமின்னு ஊரே தாங்கும். நாப்பத்தொம்பதாம் நாள் நீ வெறும் அய்யாக்கண்ணு. அன்னைக்கு எவனும் தாங்கமாட்டான்."

அதனால் இவர்களிடம் ஒரு வழக்கம். மாலையைப் பழனியில் கழற்றுவதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, கூடத்தில், அவன் குடியால் யாருக்கு அதிகக் காயமோ அவர் கையால் கழற்றவேண்டும். மறுநாள் முழுக்க அவன் தனியாக ஊருக்குள் போய்வரவேண்டும். யாரும் உடன் போகக்கூடாது, போன் செய்யக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்தில் விளக்கேற்றி வைப்பார்கள். வருகிறவன் தானாக வந்து மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காரவேண்டும்.

"வராதவங்க?" என்றேன்.

"மறுநாள் நாங்க போவோம்."

ஜனவரி 4, ஞாயிறு

கிள்ளி பந்தியில் ரசம் ஊற்றினான். இருபது பேர் இலையில் ஊற்றியும் இலைக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை. கவனித்துக்கொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கூடத்தில் பெரிய வெண்கலப் பானையில் பொங்கவைத்தார்கள். கிள்ளி தானே கேட்டு நேற்றிலிருந்து சமையல்கட்டு வேலைக்கு மாறியிருக்கிறான். படுக்கையும் அங்கேதான். உமிக்குவியலை ஒட்டிப் பாய் விரித்திருக்கிறான்.

"குளிராதுல்லக்கா, அதான்" என்றான்.

வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைத்ததில்லை. முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

மூக்காயிக்கு ஒரே பெருமை. "இந்தச் சாமி அடுப்படிய விட்டு நகரவே மாட்டேங்குது. குளிக்கப் போனாக்கூட ஓடியாந்துருது."

அவன் கண்கள் சிவந்திருந்தன. தூங்குகிறாயா என்று கேட்டேன். தூங்குகிறேன் என்றான். இளைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு, வையம்பட்டி

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் சுவரோரம், மூக்காயியின் கரண்டிக்கூடையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

நாளை விடியற்காலை நான்கு மணிக்கு நடை கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. வழியனுப்பிவிட்டுத் திரும்பலாம் என்று இன்று காலை பதினொரு மணிக்குக் கூடத்துக்குப் போனேன். குருசாமி சமையல்கட்டு வாசலை அடைத்தாற்போல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டார். வேறொருவரும் உள்ளே இல்லை, மூக்காயியைத் தவிர.

வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். மூலையிலிருந்து மெல்லிய சீறல். களிமண் பூச்சில் ஒரு விரிசல். அதில் நுரை வந்து உடைந்துகொண்டிருந்தது. அதன் வாசனை எனக்குப் புதிதில்லை. ஆய்வகத்திலும் தெரியும், வீட்டிலும் தெரியும்.

"அந்த மருந்துல என்னென்ன போட்டீங்க?"

"கறுப்புத் திராச்சை அஞ்சு கிலோ, மண்டவெல்லம், சுக்கு, திப்பிலி, காட்டாத்திப்பூ. நாப்பது நாளு மூடிவச்சா அரிஷ்டம். செல்லுல ஒரு வைத்தியரு சொன்னாரு. இந்த வருசந்தான் மொதத் தடவை. சாயங்காலம் பூசை போட்டு ஆளுக்கு ஒரு தம்ளரு குடுத்துட்டா, காலு வலியே தெரியாதாம்."

சர்க்கரை, பூவில் ஒட்டிய ஈஸ்ட், காற்றுப் புகாத பானை, நாற்பது நாள். இருபத்து நான்கு வருடமாகக் கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு உமிக்குள் உட்கார்ந்திருந்தது. கணவனைக் குடிக்குக் கொடுத்தவர், தினமும் கற்பூரம் காட்டிக்கொண்டே, குடியை விட்ட முப்பத்து மூன்று பேருக்கு ஒயின் காய்ச்சி வைத்திருக்கிறார்.

அப்புறம்தான் பானையை ஒட்டி விரித்திருந்த பாயைப் பார்த்தேன்.

கிள்ளி பின்பக்கக் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?"

"என்னக்கா?"

"பானை."

தேய்ப்பதை நிறுத்தினான். "பதினோரு நாளா."

"எவ்வளவு குடிச்சிருக்க?"

அண்டாவை மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"ஊது."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. போலீஸ்காரர் போல நின்றேன். நாற்பத்து நான்கு வயது ஆள், கழுத்தில் மாலையோடு, சாம்பல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்தில் ஊதினான். பல்பொடி வாசனையும் விரத வயிற்றின் வாசனையும் வந்தன. வேறெதுவும் இல்லை.

"பூச்சு விரிஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்தவங்க மூக்குக்கு எட்டுறதுக்கு முன்னாடி நான் பக்கத்துல படுத்துக்கிட்டேன். விரிசல்ல புதுசா மண்ணு வச்சு வச்சு அடைச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா கொட்டிருவாங்கள்ல." அண்டாவைக் கவிழ்த்துவைத்தான். "கொட்டிருவாங்கன்னுதான் சொல்லலக்கா. அங்க இருக்குன்னு நெனைச்சா ஒரு நிம்மதி. பதினோரு ராத்திரியும் தெறக்கல. ஆனா சொல்லவும் மனசு வரல. இன்னைக்குக் காலையிலதான் குருசாமிகிட்டச் சொன்னேன்."

அந்த ஸ்டூலின் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. காலையிலிருந்து குருசாமி காவல் உட்கார்ந்திருக்கிறார், மூக்காயியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா திட்டுன மாதிரி இருக்கும். நீங்க சொன்னா பாடம்."

சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட மெதுவாக. மூக்காயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங் கையாலயா?"

"தெரியாமத்தானே..."

"எங் கையாலயா டீச்சரு?"

எழுந்தார். மூலையில் இருந்த உலக்கையை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றோம். ஒரே போடு.

பானை உடைந்தது. வெளியே தூக்கிப்போய்க் கொட்டியிருந்தால் மண் குடித்திருக்கும். உமியில் பாய்ந்து, தரையில் ஓடி, வாசற்படி தாண்டிக் கூடத்துக்குள் போயிற்று. ஜன்னல் இல்லாத கிட்டங்கி. ஒரு நிமிடத்தில் கட்டடம் முழுக்க அந்த வாசனை.

கூடத்தில் முப்பத்திரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கை நின்றது. வாயாடி அய்யாக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டு தூணைப் பிடித்தார். இளவயது ஆள் ஒருவர் வாசனை வரும் பக்கம் தலையைத் திருப்பி, அப்படியே நின்றார்.

குருசாமி இடுப்பிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதினார்.

"ஏறு, ஏறு, எல்லாரும் ஏறு! வண்டி இப்பவே கெளம்புது!"

"சாமி, சோறு வேகல!"

"வேகாத சோத்தோட கெளம்புடா! ரைட்!"

பதினான்கு மணி நேரம் முன்னதாக, மதியம் ஒன்று நாற்பதுக்கு, பழனி நடை கிளம்பியது. ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், வெந்தும் வேகாத சோற்று அண்டாவைக் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு இருவர். காவடிக்கு மயிற்பீலி பாதிதான் கட்டியிருந்தது. கேட்டைத் தாண்டியதும் யாரோ அரோகரா என்றார்கள். முப்பத்து மூன்று தொண்டையும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை. தப்பித்தவர்களின் சத்தம்.

மூக்காயியின் கரண்டிக்கூடை என் கையில் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டே பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள், அய்யலூர்

முதல்வருக்குப் போன் செய்து நான்கு நாள் விடுப்புச் சொன்னேன். "பழனிக்கா? நீங்களா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். தம்பிக்குத் துணையாக என்றேன்.

மூக்காயி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஊர்வலத்தின் வாலில், முக்காட்டோடு வந்தார். மத்தியானம் கிள்ளி பின்தங்கி அவரோடு சேர்ந்துகொண்டான். நான் இரண்டடி முன்னால் இருந்தேன்.

"ஆத்தா, ஒண்ணு சொன்னா அடிக்கக்கூடாது."

"என்ன சாமி."

"இருவது வருசமா ஊருல ஒரு கடை விடாமக் குடிச்சவன் நான். உங்க கைப்பக்குவம் எவனுக்கும் வராது."

துண்டால் அவன் முதுகில் நான்கு அடி விழுந்தது. ஐந்தாவது அடியின்போது சிரித்துவிட்டார். அய்யலூரில் மூன்று இட்லி சாப்பிட்டார்.

ஜனவரி 28, புதன், ரெட்டியார்சத்திரம்

மாலை, சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் கையால் மாலையைக் கழற்றவேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும், காரணத்தோடு. மனைவி, அம்மா, மகள். அய்யாக்கண்ணு மனைவி பெயரைச் சொல்லிவிட்டுக் காரணம் சொல்ல முடியாமல் அழுதார்.

கிள்ளி எழுந்தான். "எங்கக்கா."

"காரணம்?"

"ரெண்டு வருசம் முன்னாடி, வெளிய போகாதடான்னு வாசல்ல நின்னு மறிச்சுச்சு. தள்ளிவிட்டேன். நெலப்படியில விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. நான் திரும்பிப் பாக்காமப் போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் குளியலறையில வழுக்கி விழுந்தேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கு. எங்கக்கா பொய்யே சொல்லாது. எனக்காக அது ஒண்ணு மட்டும்."

இன்று இருபது கிலோமீட்டர் நடந்தோம். வெயில் அதிகம்.

ஜனவரி 29, வியாழன், ஒட்டன்சத்திரம்

கால் கொப்புளம் உடைந்துவிட்டது. கிள்ளி என் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டுத் துணி சுற்றினான். மாட்டுக் குளம்புக்குக் கட்டும் கட்டு.

"ஒதைக்காதக்கா."

"வலிக்குதுடா."

"மாடெல்லாம் இம்புட்டுச் சத்தம் போடாது."

நேற்றுச் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜனவரி 30, வெள்ளி, பழனி

மலை ஏறினேன். வரிசையில் மூன்று மணி நேரம். கும்பிட்டேனா என்பதை நாட்குறிப்பில் எழுதவேண்டிய அவசியம் இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு, மணப்பாறை

தைப்பூசம். மாலைக்கூடத்தில் உமி முழுவதையும் வாரிவிட்டுச் சாணம் தெளித்திருந்தார்கள்.

முப்பத்து மூன்று பேரும் தலை மழித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது கிள்ளிக்குப் பின்னால் போய் நின்றேன். நாற்பத்தெட்டு நாள் குளியலிலும் வியர்வையிலும் நூல் முறுகிக் கெட்டிப்பட்டிருந்தது. தலைவழியே எடுக்கவேண்டும். காதில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் தேவைப்பட்டது. இரண்டு கையாலும் எடுத்தேன்.

அவன் தோள் மெல்ல ஆடியது. பார்க்காததுபோல் இருந்தேன்.

"இனிமே எவனும் சாமி இல்ல" என்றார் குருசாமி. "அவனவன் பேரு அவனவனுக்கு. நாளைக்கு ஆறு மணி. ரைட்."

வீட்டில் இருவரும் தோசை சாப்பிட்டோம். "நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று கேட்க நான்கு தடவை வாயெடுத்தேன். சட்னி போதுமா என்று கேட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலை ஏழே காலுக்கு நான் கிளம்பும்போது அவன் லுங்கியும் பழைய சட்டையுமாக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "வர்றேன்" என்றேன். "சரிக்கா" என்றான். விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. இதை நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக எண்ணுகிறேன்.

மூன்று வகுப்பு. ஒன்றில் ஒரே பத்தியை இரண்டு தடவை நடத்தியதாக மாணவிகள் சொன்னார்கள்.

ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் இருந்தேன். குருசாமி விளக்கேற்றினார். ஆறு அடிக்குமுன்பே மணி அடித்தது. அய்யாக்கண்ணு. "மூணு பேரு கூப்பிட்டானுக. மூணு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். செலவுதான், போங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக. ஒருவர் வாசனையோடுதான் வந்தார். மணியைத் தட்டத் தயங்கி நின்றார். குருசாமி அவர் கையைப் பிடித்துத் தட்டவைத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஏழு மணிக்கு இருபத்தாறு பேர்.

கிள்ளி வரவில்லை.

போன் என் மடியில் இருந்தது. எடுக்கக்கூடாது. ஏழே காலுக்கு மூக்காயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஏழு இருபதுக்கு வாசலில் நிழல். முழங்கையிலிருந்து விரல்வரை காய்ந்த ரத்தம், சட்டையெல்லாம் சளிபோல் ஏதோ, லுங்கியில் சேறு. ஒரு கையில் தூக்குவாளி. அடித்துக்கொண்டான் என்று நினைத்தேன். எல்லோரும் அதையே நினைத்திருப்பார்கள்.

"என்னடா இது?"

"கன்னுக்குட்டிக்கா."

அப்படியே வாசலில் நின்று சொன்னான். பக்கத்துப் பட்டியில் ஒரு பசு காலையிலிருந்து முக்கியும் கன்று வரவில்லை. டாக்டர் ஊரில் இல்லை. யாரோ இவனை நினைத்துக்கொண்டு நான்கரை மணிக்கு வண்டியில் வந்து கூட்டிப்போனார்கள்.

"தலை பின்னாடி மடங்கிக் கெடந்துச்சு. ஒரு மணி நேரம் கை உள்ளயே. திருப்பிட்டேன். கை நடுங்கவே இல்லக்கா. அப்புறம் மாட்டுக்காரரு உள்ள போயி, பேப்பர்ல சுத்தி ஒரு குவாட்டரக் கொண்டாந்து பக்கத்துல வச்சாரு. கன்னு எடுத்துக்குடுத்தா டாக்டருக்கு அதான மொறை. நான் பழகுனதே அப்படித்தான்."

அய்யாக்கண்ணு எழுந்து வாசல் பக்கம் வந்தார்.

"இது வேணாம், சீம்பால் குடுங்கன்னேன். மாடு எந்திரிச்சு, கன்னு குடிச்சு, அப்புறம் கறக்கணுமில்ல. முக்கா மணி நேரம் ஆச்சு. அதான் லேட்டு."

"பாட்டிலு?" என்றார் அய்யாக்கண்ணு.

"பக்கத்துலயேதான் இருந்துச்சு. இப்பவும் அங்கதான் இருக்கும்."

தூக்குவாளியை என்னிடம் நீட்டினான். கை அழுக்காக இருந்ததால் மணியை முழங்கையால் இடித்தான். கூடத்தில் எழுந்த சத்தத்தில் மணியே கேட்கவில்லை. குருசாமி விசிலை எடுத்தார். ஊத வரவில்லை அவருக்கு.

"கிள்ளி, போய்க் கை கழுவு" என்றேன்.

மூக்காயி சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தார். எட்டு மணிக்கு வெந்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு. வராத ஆறு பேருக்கும் இலையில் தனியே எடுத்துவைத்தார்கள், நாளைக் காலை போகும்போது கொண்டுபோக. நானும் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கன்று கிடேரி. முதல் முயற்சியிலேயே எழுந்து நின்றுவிட்டதாம்.